பாட்டு எப்போது வரும்? திரையிசைத் தொகுப்புகள் குறித்து வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், "இந்த மாதம் உங்கள் வீட்டில் ஒலிக்கும் திரையிசைத் தொகுப்பு எது?" என்று கேட்டிருந்தோம். வந்து சேர்ந்த கடிதங்களில் பாடல்களைப் பற்றியவற்றை இன்னோர் இதழுக்கு எடுத்து வைத்துவிட்டு, பின்னணி இசையைப் பற்றிப் பேசியவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், அவற்றிலிருந்த கோபத்தைச் சுருக்கவில்லை.

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள். வெள்ளிக்கிழமை இரவுகளில் யாராவது ஒருவர் வீட்டில் கூடி, ஒரு திரையிசைத் தொகுப்பை முதலிலிருந்து கடைசி வரை பேசாமல் கேட்போம். பிறகு சண்டை போடுவோம். ஜான் வில்லியம்ஸின் 'ஸ்டார் வார்ஸ்' இசையை 1977இல் வந்த இசைத்தட்டின் வரிசையில்தான் கேட்க வேண்டும், தம் இளமை அதில்தான் இருக்கிறது என்கிறார் ஒருவர். 1997இல் வந்த இரட்டைச் சிடியில்தான் இசை படத்தின் வரிசையில் இருக்கிறது, அதுவே முழுமையானது என்கிறார் இன்னொருவர். யார் பக்கம் நியாயம்?
— வாசகர், தோ பாயோ

பதில்: பழைய வரிசைக்காரர் பக்கம்தான், ஆனால் அவருடைய இளமைக்காக அன்று. திரையரங்கில் இசை கதையின் வேலைக்காரன். கதவு திறந்தால் நுழைய வேண்டும், ஒருவர் பேசத் தொடங்கினால் ஒதுங்க வேண்டும், நாற்பது நொடியில் வேலை முடிந்தால் சொல்லாமல் வெளியேற வேண்டும். அந்த நாற்பது நொடித் துண்டுகளை எல்லாம் படத்தில் வந்த வரிசையிலேயே கோத்து, படம் இல்லாமல், கையில் தேநீருடன் உட்கார்ந்து கேட்டால், பாதியில் நிறுத்திய வாக்கியங்களை ஒருவர் நெடுநேரம் வாசித்துக் காட்டுவது போலத்தான் இருக்கும். லண்டன் சிம்பொனி இசைக்குழு வாசித்த அந்த இசையை வில்லியம்ஸ் இரட்டை இசைத்தட்டுக்காகத் தாமே வரிசை மாற்றி அடுக்கினார். விறுவிறுப்பான பகுதிக்குப் பின் மென்மையான ஒன்று, ஒரு பாத்திரத்தின் மெட்டு முழுதாக விரிவதற்கு இடம், தட்டின் ஒரு பக்கம் முடியும் இடத்தில் ஒரு நிறைவு என்று அது அமைந்திருக்கிறது. வர்ணத்தில் தொடங்கி, நடுவே கனமான ராகம் ஒன்றை விரித்து, துக்கடாவில் இறங்கும் கச்சேரியை அந்தக் கீர்த்தனைகள் இயற்றப்பட்ட ஆண்டு வரிசையில் பாடச் சொல்லி யாரும் கேட்பதில்லை அல்லவா?

ஆனாலும் அந்த நாளைய தொகுப்புகள் சுருக்கமாக இருந்ததற்கெல்லாம் கலைநோக்கே காரணம் என்று சொல்ல மாட்டேன். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் நல்ல ஒலித்தரத்துடன் அடங்கும். அமெரிக்காவில், படத்துக்காகப் பதிவு செய்த இசையைத் தொகுப்பாக விற்க வேண்டுமானால் இசைக்கலைஞர்களுக்கு மறுபடியும் ஊதியம் தர வேண்டும் என்ற தொழிற்சங்க விதி இருந்ததால், பல நிறுவனங்கள் அரை மணி நேரத்தோடு கையைக் கழுவிக்கொண்டன. ஆகவே அந்தச் சுருக்கத்தில் பாதி இசையமைப்பாளரின் தேர்வு என்றால், மீதி கணக்குப்பிள்ளையின் வேலை.

உங்கள் இரண்டாம் நண்பருக்கும் ஓர் ஆறுதல் உண்டு. அதே வில்லியம்ஸின் 'ஜாஸ்' படத்துக்கு 1975இல் வந்த இசைத்தட்டு, படத்தில் நாம் கேட்ட பதிவே அன்று. தொகுப்புக்கென்று அவர் மீண்டும் வாசிக்கச் செய்தது. படத்தில் ஒலித்த அசல் பதிவு 2000ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. முன்னது அரங்கிசை போல நேர்த்தியானது, பின்னது நீருக்கடியில் ஏதோ நகர்வதைப் போலக் கரடுமுரடானது. அந்த ஒன்றுக்கு மட்டும் இரண்டும் வேண்டும் என்பேன். மற்றபடி, அடுத்த வெள்ளிக்கிழமை 'ஈ.டி.' படத்தின் இறுதிப் பகுதியை வையுங்கள். படத்தின் ஓட்டத்தோடு இசை ஒட்டாமல் திணறியபோது ஸ்பீல்பெர்க் திரையை அணைக்கச் சொல்லி, கச்சேரியில் நடத்துவது போல நடத்துங்கள் என்று வில்லியம்ஸிடம் கேட்டுக்கொண்டார். பின்னர் அந்த வாசிப்புக்கு ஏற்பப் படத்தை வெட்டிச் சரிசெய்தார். அந்த ஒரு பகுதியில் படத்தின் வரிசையும் இசையின் வரிசையும் ஒன்றே. நால்வருக்கும் சண்டை போட எதுவும் மிஞ்சாது என்பதுதான் அதிலுள்ள குறை.

கேள்வி: படம் பார்க்காமலேயே அதன் இசைத் தொகுப்பைக் கேட்பது முறையா?
— வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: தாராளமாகக் கேட்கலாம். பார்க்கவே முடியாத படத்தின் இசையைக்கூடக் கேட்கலாம். '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்துக்கு அலெக்ஸ் நார்த் எழுதிய இசையை இயக்குநர் கூப்ரிக் பயன்படுத்தாமல் விட்டுவிட்டார், படம் திரையிடப்பட்டபோதுதான் அது நார்த்துக்கே தெரிய வந்தது. அந்த இசையை அவருடைய நண்பரான ஜெர்ரி கோல்ட்ஸ்மித் 1993இல் நேஷனல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு பதிவு செய்து வெளியிட்டார். எந்தக் காட்சிக்கும் சொந்தமில்லாத திரையிசை அது. நான் அதை மழை நாள்களில் கேட்கிறேன்.

கேள்வி: என் தந்தை சிராங்கூன் சாலையில் வாங்கிச் சேர்த்த தமிழ் இசைத்தட்டுகளும் கேசட்டுகளும் எங்கள் வீட்டில் அலமாரி நிறைய இருக்கின்றன. எல்லாவற்றிலும் பாடல்கள் மட்டுமே. 'மௌன ராகம்' படத்தின் பின்னணி இசைக்காக ஏங்குகிறேன். கிடைப்பதெல்லாம் படத்திலிருந்து வெட்டி எடுத்தவை. உயிரை உருக்கும் இடத்தில் யாரோ கதவைச் சாத்துகிறார்கள், கார் கிளம்புகிறது. மேல்நாட்டு ரசிகர்கள் முழுத் தொகுப்பா, குறுந்தொகுப்பா என்று சண்டை போடும்போது நமக்கு மட்டும் ஏன் எதுவுமே இல்லை?
— வாசகி, ஈசூன்

பதில்: முதல் கேள்வியைக் கேட்டவர் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுத் தம் நண்பர்களோடு சற்று நேரம் மௌனமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். சுருக்கமான தொகுப்பே சிறந்தது என்று மேலே உபதேசம் செய்த எனக்கும் உங்கள் கேள்வி ஓர் அடிதான். இலையில் பரிமாறிய பிறகல்லவா அளவைப் பற்றிப் பேச வேண்டும்!

காரணம் வேலை நடக்கும் முறையிலேயே இருக்கிறது. தமிழ்ப் படத்தில் பாடல்கள் பெரும்பாலும் படப்பிடிப்புக்கு முன்பே பதிவாகிவிடும். படத்தின் முதல் விளம்பரமே அவைதான். பின்னணி இசையோ படத்தொகுப்பு முடிந்து, வெளியீட்டு நாள் கழுத்தைப் பிடிக்கும் நேரத்தில் நடப்பது. திரைத்துறையினர் அதை இன்றும் 'ரீரெக்கார்டிங்' என்றே சொல்கிறார்கள். இளையராஜா ஒவ்வொரு ரீலையும் பார்த்துவிட்டு உடனே உட்கார்ந்து இசைக்குறிப்பை எழுதித் தருவார் என்பது அத்துறையில் எல்லோரும் அறிந்த செய்தி. அவ்வளவு வேகத்தில் பிறந்த இசை அவ்வளவு வேகமாகவே வசனத்தோடும் மற்ற ஒலிகளோடும் கலந்து ஒரே தடமாகிவிடும். கலந்த பாலிலிருந்து நீரைப் பிரிக்க அன்னப்பறவைதான் வர வேண்டும். இப்போது கணினி அன்னங்கள் சில வந்திருக்கின்றன என்பது உண்மை. அவை வசனத்தைப் பிரித்து எடுக்கும்போது வயலினின் மேல் ஒரு நீர்த்தன்மையைப் பூசிவிட்டுப் போகின்றன என்பதும் உண்மை. கலப்பதற்கு முந்தைய மூல நாடா பாதுகாக்கப்பட்டிருந்தாலன்றி ஒழுங்கான தொகுப்புக்கு வழியில்லை. பாடல் மட்டுமே விற்கும் என்று உறுதியாக நம்பிய ஒரு வணிகத்தில், விற்காத பொருளின் நாடாவைப் பாதுகாக்க யாருக்கு அக்கறை இருந்திருக்கும்?

இருந்தாலும் கை வெறுங்கை அன்று. தியாகராஜரையும் ஜெர்மானிய இசைமேதை பாக்கையும் நினைத்து இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' திரைப்படத்துக்காக எழுதப்பட்டது அன்று. ஆனால் பாலு மகேந்திரா 1988இல் பாடல்களே இல்லாமல் எடுத்த 'வீடு' படத்துக்கு அந்தத் தொகுப்பின் இசையே பின்னணியாக அமைந்தது. அதாவது, வழக்கமாகப் படத்திலிருந்து தொகுப்பு பிறக்கும்; இங்கே தொகுப்பு முன்னால் பிறந்து, படம் அதைத் தேடி வந்தது. உங்களிடம் அந்தத் தொகுப்பு இருந்தால் 'வீடு' படத்தின் பின்னணி இசைத் தொகுப்பு உங்களிடம் இருக்கிறது என்றே கொள்ளலாம், கதவுச் சத்தம் இல்லாமல். அதில் வி.எஸ்.நரசிம்மனின் வயலினைக் கேட்கும்போது, படத்தில் வரும் அந்த வீட்டின் கட்டி முடியாத சுவர்கள் எனக்குத் தாமாகவே கண்முன் எழும்.

ரஹ்மானின் வருகைக்குப் பிறகு கருவியிசைத் துண்டு ஒன்றாவது பாடல் தொகுப்பில் இடம்பெறுவது கௌரவமாகிவிட்டது. 'பம்பாய்' தொகுப்பில் நவீன் குமாரின் புல்லாங்குழலில் தொடங்கும் கருவியிசையைப் பாடல்களைத் தாண்டி ஓடவிட்டுத் தேடிப் போனவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். பாடலே இல்லாத 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' படத்துக்கு 2013இல் இளையராஜா அமைத்த இசை தனித் தொகுப்பாகவே வந்தது. இப்போது படம் வெளியான சில வாரங்களில் பின்னணி இசையையும் செயலிகளில் ஏற்றிவிடும் வழக்கம் பரவியிருக்கிறது. அவற்றில் பல, துண்டுகளைக் குவித்துக் கொட்டியவையே. இசையமைப்பாளர் உட்கார்ந்து வரிசைப்படுத்திய அறிகுறி தெரிவதில்லை. இருந்தும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'மௌன ராகம்' கிடைக்காத உங்களுக்கு முன்னால் நின்று யாரால் குறை சொல்ல முடியும்?

கேள்வி: பின்னணி இசை என்ற சொல்லே அதைத் தாழ்த்துகிறது என்கிறேன் நான். உங்கள் கருத்து?
— வாசகர், புக்கிட் பாத்தோக்

பதில்: மேலே சொன்ன 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' படத்தில் இயக்குநர் மிஷ்கினுக்கும் இதே எண்ணம் இருந்திருக்க வேண்டும், இளையராஜாவின் பெயருக்கு மேலே 'முன்னணி இசை' என்ற பொருள்படும் சொல்லையே அவர் போட்டார். எனக்குச் சொல்லில் குறை தெரியவில்லை. வீட்டின் கடைக்காலும் பின்னணிதான். விருதுக்குழுக்கள்கூட இப்போது விழித்துக்கொண்டன: 2009ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகளில் பாடல்களுக்கும் பின்னணி இசைக்கும் தனித்தனி விருது கொடுக்கப்பட்டபோது, பின்னணி இசைக்கான விருது 'பழசி ராஜா'வுக்காக இளையராஜாவுக்குக் கிடைத்தது.

கேள்வி: என் மகன் ஹான்ஸ் ஸிம்மரின் தொகுப்புகளை நாள் முழுவதும் வைக்கிறான். 'இன்டர்ஸ்டெல்லர்' ஒலிக்கும்போது சமையலறையில் எவர்சில்வர் தட்டுகள் அதிர்கின்றன. கீழ்வீட்டு அம்மையார் லிஃப்டில் என்னைப் பார்க்கும்போது சிரிப்பதை நிறுத்திவிட்டார். இது இசையா, இடிமுழக்கமா என்று நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.
— வாசகி, பிடோக் நார்த்

பதில்: இசைதான் அம்மா, நல்ல இசை. ஒலியளவுதான் வழக்கு, அதில் நான் கீழ்வீட்டு அம்மையாரின் கட்சி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் தளம் ஓர் அளவுக்குத்தான் பொறுக்கும். இரவில் ஹெட்ஃபோன் என்று மகனோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் தட்டுகளை அதிரச் செய்வது லண்டனிலுள்ள டெம்பிள் தேவாலயத்தின் ஆர்கன். ரோஜர் சேயர் அதை வாசித்தார். ஒரு கட்டடத்தின் காற்றே குழாய்கள் வழியே மூச்சுவிடும் கருவி என்பதால், காற்றில்லாத வெளியில் மிதப்பவர்களைப் பற்றிய படத்துக்கு அதைத் தேர்ந்தெடுத்ததை மிகச் சிறந்த முடிவாகவே நினைக்கிறேன். படத்தின் கதை என்னவென்று சொல்லாமல், தந்தைக்கும் பிள்ளைக்கும் இடையிலான பாசத்தைப் பற்றி ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துத்தான் இயக்குநர் நோலன் முதல் மெட்டைக் கேட்டாராம். நீங்கள் ஒரு நாள் மகனோடு உட்கார்ந்து, ஒலியைப் பாதியாகக் குறைத்து, அந்தத் தொகுப்பின் மெல்லிய பகுதிகளை மட்டும் கேளுங்கள். அதற்குள் ஒரு தாலாட்டு இருப்பது தெரியும்.

ஸிம்மரோடு எனக்கும் ஒரு பிணக்கு உண்டு, ஆனால் அது வேறு. 'டியூன்' முதல் பாகத்துக்கு அவர் மூன்று தொகுப்புகளை வெளியிட்டார்: யோசனைகளை நீளமாக விரித்த ஒன்று, படத்தின் இசை ஒன்று, படத்தைப் பற்றிய புத்தகத்தோடு சேர்ந்து கேட்பதற்கென்று ஒன்று. முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். காட்சியின் கடிகாரத்துக்கு அஞ்சாமல் அவர் விளையாடியிருப்பது அதில்தான். மூன்றையும் தொடர்ந்து கேட்டபோது, கல்யாண வீட்டில் ஒரே பாயசத்தை மூன்று பந்தியிலும் உட்கார்ந்து குடித்த களைப்பு எனக்கு வந்தது.

கேள்வி: சிங்கப்பூருக்கென்று ஒரு திரையிசை மரபு உண்டா? அல்லது நாம் எப்போதும் இறக்குமதிதானா?
— வாசகர், பொங்கோல்

பதில்: பாலஸ்டியர் சாலையிலிருந்து பிரியும் ஜாலான் அம்பாஸில் ஒரு மாலை நடந்து பாருங்கள். ஷா சகோதரர்களின் மலாய்ப் பட நிறுவனம் 1967இல் மூடப்படும் வரை அங்கேதான் இயங்கியது. பினாங்கிலிருந்து 1948இல் அங்கு வந்த பி.ரம்லி பாடினார், நடித்தார், இயக்கினார், இசையும் அமைத்தார். 1956இல் வந்த 'ஹங் துவா' படத்தின் இசைக்காக அந்த ஆண்டின் ஆசியத் திரைப்பட விழாவில் அவருக்கு விருது கிடைத்தது. போட்டி நிறுவனமான கேத்தே-கெரிஸில் பின்னணி இசையைக் கவனித்தவர் சுபிர் சயித். 1958இல் அவர் எழுதிய 'மஜூலா சிங்கப்பூரா'வைத்தான் நாம் பள்ளித் திடலில் நின்று பாடினோம். நாட்டுப்பண் எழுதியவர் பேய்ப் படங்களுக்கும் வயலின்களை நடுங்கவைத்தவர் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு சிறு மகிழ்ச்சி.

நமக்கும் அதில் உறவு உண்டு. அந்த நாளைய மலாய்ப் படங்களை இயக்கியவர்களில் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். 'ஹங் துவா'வை இயக்கிய பணி மஜும்தார் வங்காளி, எல்.கிருஷ்ணன் சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். ஐந்து நிமிடத்துக்கு ஒரு பாட்டு, உணர்ச்சி பொங்கும் இடத்தில் நரம்பிசைக் கருவிகள் என்று படத்தின் நடை நம் ஊர்ப் படங்களைப் போலவே இருப்பது அதனால்தான். விளைவும் நம்முடையதைப் போலவே ஆயிற்று: ரம்லியின் பாடல்கள் தட்டு தட்டாகக் கிடைக்கும், பாடல்களுக்கு நடுவே ஒலித்த இசையைக் கேட்கப் படத்தைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும். ஈசூன் வாசகி தனியாக இல்லை.

கேள்வி: இசைத்தட்டு மறுபடியும் மோஸ்தராகிவிட்டது. பழைய திரையிசைத் தட்டுகளை வாங்கிச் சேர்க்கலாமா?
— வாசகர், செங்காங்

பதில்: வாங்கலாம், முகர்ந்து பார்த்து வாங்குங்கள். எச்சரிக்கையாகச் சொல்கிறேன்: நம் ஊர் ஈரப்பதத்தில் தட்டின் உறைக்குள் பூஞ்சை குடியேறிவிடும். அப்படி ஒரு தட்டை, உறையின் அழகில் மயங்கி, கடைக்காரரிடம் பேரம்கூடப் பேசாமல் வாங்கி வந்தேன். வீட்டில் வைத்தபோது நரம்பிசைக்கு முன்னால் அப்பளம் பொரியும் ஓசை வந்தது. புகைப்படக்காரர்கள் கேமராவுக்கு வைத்திருக்கும் ஈரம் உறிஞ்சும் பெட்டி போன்ற ஒன்றைத் தட்டுகளுக்கும் வைத்த பிறகுதான் நிம்மதி.

காத்திருக்கவும் பழகிக்கொள்ளுங்கள். 1982இல் வந்த 'பிளேட் ரன்னர்' படத்துக்கு வான்ஜெலிஸ் அமைத்த இசை அவருடைய சொந்தத் தொகுப்பாக 1994இல்தான் வந்தது. அதுவரை ரசிகர்கள் வேறோர் இசைக்குழு வாசித்த மறுபதிப்போடு காலம் தள்ளினார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், வந்த தொகுப்பில் சில இடங்களில் படத்தின் வசனமும் சேர்ந்தே ஒலிக்கிறது. கதவுச் சத்தத்தைத் திட்டிய நாம், அதே காரியத்தை இசையமைப்பாளரே திட்டமிட்டுச் செய்யும்போது சிலிர்க்கிறோம். எங்கே பேச்சு நுழைய வேண்டும் என்பதை அவர் தீர்மானித்தார் என்பதே வேறுபாடு.

கேள்வி: எஸ்பிளனேட் கலையரங்கில் படத்தைத் திரையிட்டு, இசைக்குழு கூடவே நேரடியாக வாசிக்கும் நிகழ்ச்சிக்குப் போனேன். கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து அதே இசையைத் தொகுப்பில் கேட்டால் சப்பென்று இருக்கிறது. ஏன்?
— வாசகி, தெம்பனிஸ்

பதில்: அங்கே நீங்கள் இசையை மட்டும் கேட்கவில்லை, அது தவறிவிடுமோ என்ற பயத்தையும் சேர்த்தே கேட்டீர்கள். இசைநடத்துநரின் முன்னாலுள்ள சிறு திரையில் படத்தின் மேல் ஒரு கோடு நகர்ந்து வந்து, விளிம்பைத் தொட்டதும் ஒளி ஒன்று மின்னும். அந்த மின்னலில் கோல் இறங்க வேண்டும். அரை நொடி பிந்தினாலும் வாள் வீசிய பிறகுதான் வீச்சொலி வரும். ஒலிபெருக்கி வழியே மேடையின் ஒரு பகுதி வரலாம், அந்தப் பதற்றம் வராது. இரண்டு வாரம் கழித்துத் தொகுப்பை மறுபடி வைத்துப் பாருங்கள். நினைவு தணிந்த பிறகு அது தன் குரலில் பேசும்.

கேள்வி: பாடலில்லாத தொகுப்பை என் அம்மா ஐந்து நிமிடம்கூடப் பொறுக்கமாட்டேன் என்கிறார். எதில் தொடங்கலாம்?
— வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: பெயரைச் சொல்லாதீர்கள், தொகுப்பு என்றும் சொல்லாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து, 1988இல் ஹரிபிரசாத் சௌரசியாவின் புல்லாங்குழலை வைத்து இளையராஜா அமைத்த 'நத்திங் பட் விண்ட்' தொகுப்பைத் தாழ்ந்த ஒலியில் ஓடவிட்டுவிட்டு நீங்கள் அறைக்குள் போய்விடுங்கள். திரைப்படத்துக்காக எழுதப்பட்டது அன்று என்றாலும் பயிற்சிக்கு அதுவே தோது. பத்தாவது நிமிடத்தில் "பாட்டு எப்போது வரும்?" என்று கேட்டால், நிறுத்திவிட்டு அடுத்த மாதம் முயலுங்கள். "யாருடைய குழல்?" என்று கேட்டால், எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.